என் பேருக்கு வேலைக்குப் போன உன் அம்மா

பத்து காஜா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா எழுதுவது,

நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்த ஆற்றங்கரையில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கப்பிட் டவுனுக்கு இறங்கி வந்து போன் போட்டபோது, அம்மா சாக்கடை லொங்கானில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்று நான் சொன்னதும், அம்மாவுக்கு லொங்கானுக்குள் என்னப்பா வேலை என்று கேட்டாய். அதற்குள் லைன் போய்விட்டது. சரவாக் காட்டு லைன் போனது என் தப்பில்லை, ஆனால் போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். வார்டு முழுக்கக் கட்டில், எல்லாக் கட்டிலிலும் காது, அங்கே நின்று சொல்லக்கூடிய கதையா அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி. முதலில் நல்லதைச் சொல்கிறேன். அம்மா உயிரோடும் வாயோடும் இருக்கிறாள். இடது கணுக்கால் முறிந்து, எலும்பு டாக்டர் ஈப்போவில்தான் என்று அங்கே கொண்டுபோய் ஆப்பரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்டுகிறாள், என்னைத் திட்டுகிறாள், நர்ஸ் தலை வாரிக்கொண்டிருக்கும் அழகைக்கூடத் திட்டுகிறாள், ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. பயந்தவன் நான்தான்.

டைல்ஸ் பேக்டரியை மூடியதும் நான் வீட்டில் உட்கார்ந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்ததும், பிறகு வேலையில்லாதவர்களுக்காக அரசாங்கம் பணம் போட்டு நடத்தும் அந்தக் குறுகிய கால வேலையில் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டபோது பராமரிப்பு வேலை என்று மழுப்பினேன். பராமரிப்பாவது மண்ணாவது, லொங்கான் வாருகிற வேலை. பழைய எஸ்டேட்டை வெட்டித் தாமான் வீடுகள் கட்டினார்களே, அதற்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடையில் செடி வெட்டிச் சேறு அள்ளி, இடிந்த கரைக்குக் கல் அடுக்கி, மேலே ஜனங்கள் நடக்கப் பாதை போடுவது. பேக்டரியில் சூளையைக் கவனித்துக்கொண்டிருந்தவன் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்க முதலில் கூசிப் போனேன், கோயில் ஆட்கள் காரில் போனால் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுவேன், அந்தப் பூட்ஸுக்குக் கயிறே கிடையாது. ஆனால் போகப் போகப் பிடித்துப் போயிற்று. காப்பிக் கடை மூடிய சீனர், லோரி ஓட்டியவர், கிளாங்கில் தையல் வேலை போய்த் திரும்பி வந்த, நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் பெண், எல்லாரும் என்னைப் போலவே கீழே விழுந்தவர்கள்தான், யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது. வேலை முடிகிற வரைக்கும் ஒழுங்காக நின்றவர்களுக்கு நிரந்தர வேலையில் முன்னுரிமை கொடுப்பார்கள் என்றும் பேச்சு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அம்மாவும் இருந்தோம்.

எங்கள் சூப்பர்வைசர் பிச்சைமுத்து. அம்மா பிறந்த அதே எஸ்டேட்காரர், அம்மாவைத் தங்கச்சி என்பார், அந்த முறையில் எனக்கு மச்சான். அவருடைய அப்பா அங்கே தண்டலாக இருந்து ஆள் மேய்த்தவர், அந்த ரத்தம் இவருக்கும் போகவில்லை. காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், எஸ்டேட்டில் பெரட்டு என்போமே, அதே மாதிரி. பேரைக் கூப்பிட்டால் குரல் வர வேண்டும், குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

போன மாதம் எனக்கு டெங்கி வந்து பத்து காஜா ஆஸ்பத்திரியில் படுத்தேன் அல்லவா, அப்போது நடந்ததுதான் எல்லாம். நீ கொசு வலை கட்டித்தான் படுக்கிறாயா, கட்டவில்லை என்றால் இன்றைக்கே கட்டு, டெங்கி என்றால் விளையாட்டு இல்லை. எனக்கு எலும்புக்குள் ஆள் வைத்து இடிப்பது போல வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த நிலையிலும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், பிச்சைமுத்துவிடம் சொல்லிவிடு, என் இடம் போய்விடப் போகிறது என்று. அவள், நீங்க பேசாம படுங்க, எடம் எங்கயும் போவாதுன்னு சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை, நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் சாயந்திரம்தான் வருவாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கி விழுவாள். முகம் கறுத்துப் போயிருந்தது, கழுத்து தோல் உரிந்திருந்தது, கையைப் பிடித்தால் சொரசொரவென்று இருந்தது. எனக்காகக் கோயில் கோயிலாக வெயிலில் அலைகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து என் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. என்ன புத்தி பார் எனக்கு. ஒருநாள் அவள் ஆரஞ்சுப் பழம் உரித்தபோது நகக்கண்ணில் கறுப்பாகச் சேறு இருந்தது, என்னடி இது என்று கேட்டேன், பூச்சட்டியக் கிளறுனேன் என்றாள். நம் வீட்டில் ஏது பூச்சட்டி. அதையும் நம்பினேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாள், துணி மாற்றிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தேன். ஒரு மலாய்க்கார நர்ஸ் பிள்ளை பேப்பரைப் பார்த்துக்கொண்டே வந்து, பாக்சிக், உங்கள் பேர் உடையப்பன்தானே என்று கேட்டது. ஆமாம் என்றேன். உங்கள் அடையாளக் கார்டு, ஐசி நம்பர் இதுதானே என்று படித்தது. அதுவேதான். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கீழே எமர்ஜென்சியில் இன்னோர் உடையப்பன் வந்திருக்கிறார், ஐசியும் உங்களுடையதேதான், வேலையிடத்தில் கால் முறிந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உடையப்பன் என்று இந்தக் காலத்தில் யார் வைக்கிறார்கள், இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். தப்பாக எழுதியிருப்பார்கள் பிள்ளை என்று சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அந்த உடையப்பன் ஒரு பெண் என்றது. அடக் கடவுளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது, அந்த நொடியிலேயே அது உன் அம்மாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செருப்புப் போட மறந்து இறங்கி ஓடினேன். எமர்ஜென்சியில் ஓரத்துத் தள்ளுகட்டிலில் கிடந்தாள். என்னுடைய ஆரஞ்சு சட்டை, என்னுடைய தொப்பி, என்னுடைய பூட்ஸ் ஒரு காலில், இன்னொரு பூட்ஸை வெட்டி எடுத்துக் கீழே போட்டிருந்தார்கள். முட்டி வரைக்கும் சேறு. கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பி இருந்தது. நான் கல்யாணம் செய்து கூட்டி வந்தவளை அந்தச் சட்டையில் பார்த்ததும் தேவி என்று கத்தினேனாம், எனக்கு ஞாபகம் இல்லை, பாப்பா சொல்லித்தான் தெரியும். அவளோ வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் போடாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க, செருப்பு எங்க என்று கேட்கிறாள். பக்கத்தில் நின்ற பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்கண்ணே, லொங்கானுக்கு மூடியா போட்டிருந்த சிமெண்டுக் கல்ல தூக்குனோம், ராத்திரி பேஞ்ச மழையில கரை எளகிக் கெடந்துச்சு லா, கல்லு சறுக்கி அக்கா கால்ல எறங்கிருச்சு, அக்கா மட்டும் புடிக்கலன்னா எம்மேல விழுந்திருக்கும் என்று அழுதது. அக்கா அங்கே எப்படி வந்தாள் என்று கேட்டேன். பாப்பா என்னை விசித்திரமாகப் பார்த்து, ஏண்ணே, நீங்க படுத்ததுலேர்ந்து அக்காதானே உங்க பேருக்கு வர்றாங்க, உங்களுக்குத் தெரியாதா என்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிச்சைமுத்து வெளியே படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர் பேர் கேட்டதும், காலையில் பெரட்டில் கூப்பிட்ட பேரையும் நோட்டில் இருந்த ஐசி நம்பரையும் வாய் சொல்லிவிட்டதாம். நான் போய்ச் சட்டையைப் பிடித்தேன், ஆமாம் பிடித்தேன், டெங்கியில் கிடந்து எழுந்தவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அவர் கையை எடுத்துவிடக்கூட இல்லை. என்ன மச்சான் இது, நம்ம எஸ்டேட்ல நடக்காததா, நீங்க படுத்துட்டீங்க, தங்கச்சி வந்து அவரு பேருக்கு வந்திருக்கேன்னு நின்னுச்சு, சரி நில்லுன்னேன், இதுல என்னா இருக்கு என்றார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை தினேஸ். தாமானில் பிறந்த உனக்கு இது புரியாது. எஸ்டேட்டில் இன்னாருக்கு இன்ன நிரை என்று ரப்பர் வெட்டுமரங்கள் இருக்கும். புருஷன் காய்ச்சலில் படுத்தால் பெண்டாட்டி அவன் பேருக்குப் போவாள், பெரட்டில் அவன் பேரைக் கூப்பிட்டதும் இவள் குரல் கொடுப்பாள், அவன் நிரையில் இவள் பால் வெட்டுவாள். தண்டல் ஒன்றும் கேட்கமாட்டார், துரைக்குப் பால் வந்தால் சரி. போகாமல் விட்டால் அடுத்த நாள் அந்த நிரையில் வேறொருவன் நிற்பான், போனது போனதுதான். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் இருவரும் நம் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைக்குட்டை மாதிரி எடுத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குள் போயிருக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இரண்டு பேரும்.

பிறகு பிச்சைமுத்து குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். மச்சான், தங்கச்சி ஒங்களுக்குச் சோறு கொண்டாந்துச்சு, நீங்க லீவுன்னு தெரியாம வந்துருச்சு, கால் வழுக்கிருச்சு, அப்படிச் சொல்லிருவோம், ஒங்க வேலையும் நிக்கும் என் வேலையும் நிக்கும் என்றார். நம் பிள்ளை குட்டியை நினைத்துப் பாருங்கள் என்று கும்பிட்டார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, ஏன் மறைப்பானேன். உண்மையைச் சொன்னால் அரசாங்கத்தை ஏமாற்றிய கேஸ், போலீஸ்வரைக்கும் போகலாம், நான் வெளியே, அவர் வெளியே. சோறு கொண்டுவந்தவள் என்று சொன்னால் எங்கள் இரண்டு பேர் வேலையும் தப்பிக்கும், ஆனால் வேலையில் அடிபட்டவர்களுக்கு உள்ள பாதுகாப்பு அம்மாவுக்குக் கிடையாது, கால் அவள் கால், போனால் அவளோடு போகட்டும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். நிறுத்துப் பார்த்துச் சோற்றுப் பக்கம்தான் சாய்ந்தேன். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து மறுநாள் எங்கள் வேலையை நடத்தும் ஆபீஸிலிருந்து விசாரிக்க ஆரணன் என்று ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நம் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர், மரியாதையான பிள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் அம்மாவிடம் வலி குறைஞ்சுதோ என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஐயா, நீங்கள் ஆஸ்பத்திரியில இருந்தனீங்கள்தானே, டாக்டர் எம்சி தந்திருப்பாரே, அதை அனுப்பியிருந்தாலே போதும், உங்கட இடம் அப்பிடியே இருந்திருக்கும், ஒருத்தரும் உங்களுக்காக வரவேண்டிய தேவையே இல்லை என்றார். அந்த எம்சி, டாக்டர் தந்த லீவுச் சீட்டு, என் சட்டைப் பையிலேயே மடித்துக் கிடந்தது தினேஸ். போதும் என்று ஒரு மனுஷன் சொல்லக் கேட்டதும் அந்தத் திரும்பிய கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒன்றுமில்லாததற்கு, முழுக்க முழுக்க ஒன்றுமில்லாததற்கு. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அம்மா உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவா எண்டு பிச்சைமுத்து சொல்லுறார், அது சரிதானோ.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் கட்டிலிலிருந்து அம்மா, இல்ல தம்பி என்றாள். காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள், நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். நான் யாருக்கும் சோறு கொண்டு போவல தம்பி, எனக்குத்தான் சோறு கட்டிக்கிட்டுப் போனேன், அவரு பேரக் கூப்பிட்டதும் நான்தான் கொரல் குடுத்தேன், இடுப்பளவு எறங்கி சேறு அள்ளுனேன், அந்தக் கரையில அடுக்குன கல்லுல என் கை படாத கல்லு கொஞ்சந்தான், தப்புன்னா தப்புன்னு எழுதிக்குங்க, சோறு தூக்கிட்டு வந்த பொம்பளன்னு மட்டும் எழுதாதீங்க என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் அவள் இப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, சரி அம்மா, நீங்கள் சொன்னதையே எழுதுறன் என்றது.

முடிவு இந்த வாரம் வந்தது. போலீஸ் கேஸ் இல்லை, அதற்கு ஆரணன்தான் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். பிச்சைமுத்துவை சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி லொங்கானில் இறக்கிவிட்டார்கள். என் பேரை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சிகிச்சைச் செலவு என்ன ஆகும் என்று மேலிடத்தில் பேசுகிறார்கள், உண்மையை எழுதியதால்தான் அதைப் பேசவாவது முடிகிறது என்று ஆரணன் சொன்னார். உன் தம்பி ரூபன் தஞ்சோங் மாலிமிலிருந்து லீவு போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு நாள் இருந்தான், கார் பேக்டரியில் இப்போது ஓவர்டைம் இருக்கிறதாம், பிள்ளை மெலிந்து போயிருக்கிறான், நீ ஒரு வார்த்தை கேள். அவன் போன பிறகு எனக்கு அடக்கி வைத்த கோபமெல்லாம் கிளம்பிவிட்டது. எம்சி கொடுத்தால் போதும் என்று உனக்குத் தெரியாதா, கேட்டால் வாயா வலிக்கும் என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, தெரியும் என்றாள். பாப்பா சொல்லியிருந்துச்சு, ஆனா பேப்பர நம்பி எடத்த விட்டுட்டு ஒக்காரச் சொல்றீங்களா, அவுங்க வெச்சிருப்பாங்கன்னு யாரு கண்டா என்றாள். கொஞ்சம் நிறுத்தி, அதோட எனக்கும் போகணும்போல இருந்துச்சுங்க என்றாள். வேலை செய்து வியர்த்து, நாலு பேரோடு உட்கார்ந்து பசியாறி எத்தனை காலம் ஆயிற்று, அந்தச் சீனர் எனக்குத் தினமும் காப்பி கலந்து கொடுப்பார், உங்களுக்குக் கொடுப்பாரா என்று கேட்கிறாள். எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை அந்த மனுஷன். கத்த வந்தவன் தண்ணீர் பிடித்து வரப் போனேன்.

இனி சொல்லப் போவதுதான் நான் இந்தக் கடிதத்தை உடனே எழுத உட்கார்ந்த காரணம், இது நேற்று நடந்தது. அம்மாவின் போன் அடித்தது, தெரியாத நம்பர், ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், மலாயில், கலாதேவி அம்மாதானே பேசுவது என்று கேட்டது. உன் அம்மா, யா, சாயா, நான்தான் கலாதேவி என்றாள், அந்த வார்டின் மூலை வரைக்கும் கேட்கும்படி. நீங்கள் குறுகிய கால வேலைக்குப் பதிந்திருந்தீர்கள், ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்பதால் காத்திருக்கச் சொன்னோம், இப்போது பத்து காஜாவில் ஓர் இடம் காலியாகி இருக்கிறது, உங்கள் முறை வந்துவிட்டது, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டது. எனக்குச் சொல்லாமல், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், நான் சேர்ந்த சில நாளிலேயே போய்த் தன் பேரைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறாள் உன் அம்மா. காலியான இடம் எது என்று கேட்கவே வேண்டாம், என் இடம்தான். என்னை வெட்டிய இடத்தில் அவளைக் கூப்பிடுகிறார்கள், அவளோ காலில் தகடு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் ஆடிப் போய் அவளைப் பார்த்தேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாக, என்னைப் பார்த்து, ஏங்க, கால் ஆறுற வரைக்கும் என் பேருக்கு நீங்க போறீங்களா என்று கேட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணில் அவ்வளவு பயம். அறுபதை நெருங்கும் மீசைக்காரனை, கலாதேவி என்று கூப்பிட்டால் குரல் கொடுக்கச் சொல்கிறாள். நானும் ஒரு நொடி சரி என்று தலையாட்டப் பார்த்தேன், அதுதான் எனக்கே அதிர்ச்சி. பிறகு என்ன தோன்றியதோ, போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். எனக்குத் தெரிந்த மலாயில், பிள்ளை, நான் அவள் புருஷன், அவள் இப்போது வர முடியாது, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உங்கள் வேலையில்தான் முறிந்தது, ஆனால் அவளுக்கு அந்த வேலை வேண்டும், ஆறியதும் அவளே வருவாள் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை யாரிடமோ கேட்கப் போனது. அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பிள்ளை திரும்பி வந்து, பரவாயில்லை பாக்சிக், சொன்னீர்களே அது போதும், டாக்டர் எப்போது விடுகிறாரோ அப்போது வரட்டும், அம்மாவின் இடத்தை வைத்திருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டது.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன், முகம் கல்லாக இருந்தது. இவ்ளோதானா என்றாள். சொன்னா போதுமா, வைச்சிருப்பாங்களா என்று கேட்டாள். எங்கம்மா தம்பியப் பெத்து ஒடம்பு ஆறாம அப்பா பேருக்குப் பால்காட்டுக்குப் போனாங்களே, அங்கேயே மரத்தடியில விழுந்து செத்தாங்களே, அன்னிக்கு யாராச்சும் போய்ச் சொல்லியிருந்தாலும் போதுமா இருந்திருக்குமா என்று கேட்டாள். உன் ஆயா பிரசவத்தில் இறந்தார் என்றுதான் எனக்கே சொல்லியிருந்தார்கள். போதாதுடி, அது வேற காலம், சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாங்க என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னது உண்மையா, அவளைத் தேற்றச் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை தினேஸ்.

நீ பள்ளி விடுமுறைக்குத்தான் வர முடியும் என்று தெரியும், அவசரப்பட்டு டிக்கெட் போடாதே, நான் கஞ்சியும் ரசமும் நன்றாகவே வைக்கிறேன், பாப்பாவும் வந்து பார்த்துக்கொள்கிறது. ஆனால் அப்பா ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கு அங்கே உடம்பு முடியாமல் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பில் போய் நிற்காதே, உன் தலைமையாசிரியரிடம் வாய் திறந்து சொல்லு, எங்களுக்கும் சொல்லு. நீ படித்த பிள்ளை, இதெல்லாம் தெரியும் என்பாய், உன் உடம்பில் ஓடுவதும் அவர்கள் ரத்தம்தான், அதனால்தான் சொல்கிறேன். அடுத்த முறை டவுனுக்கு இறங்கும்போது அம்மாவுக்குப் போன் போடு. கால் எப்படி என்று கேட்காதே, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எப்போது வேலைக்குப் போகிறீர்கள் என்று கேள். முருகன் துணையிருப்பான், நீ நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
உடையப்பன்